‘டக்’ என்ற ஒற்றைச் சத்தத்தோடு நின்றுவிடும் புல்வெட்டி வண்டி

கேள்வி: உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி வண்டி ஒன்று வைத்திருக்கிறேன். ஒரே சிலிண்டர், பெட்ரோல் இன்ஜின். நாலைந்து மாதம் ஓட்டாமல் ஷெட்டில் நிறுத்தியிருந்தேன். இப்போது சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரே ஒரு சத்தம், அதோடு சரி. பேட்டரி போய்விட்டது என்று நினைத்துப் புதிதாக வாங்கிப் போட்டேன். அப்புறம் இரண்டொரு தடவை செல்ஃப் சுற்றியது. ஆனால் அரைச் சுற்று போனதும் எதிலோ முட்டிக்கொண்டது போல நின்றுவிட்டது. மறுபடியும் அதே ‘டக்’. செல்ஃப் மோட்டாரை மாற்றச் சொல்கிறார் என் மைத்துனர். சீட்டுக்கு அடியில் இருக்கும் ஸ்விட்ச்தான் தொல்லை, அந்த வயரை வெட்டி நேராக இணைத்துவிட்டால் போதும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இப்போதைக்கு இரண்டு பேர் சொல்வதையும் கேட்க வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதை எப்போதுமே கேட்க வேண்டாம். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். மைத்துனர் சொல்வது சரியாக இருக்க வாய்ப்பு உண்டு, ஆனால் அதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை நிறைய இருக்கின்றன. அவற்றில் பலவற்றுக்குக் காசே செலவாகாது. ஒரு மல்டிமீட்டரும், எமரித் தாளும், ஸ்பேனர்களும், உதவிக்கு ஓர் ஆளும் போதும்.

முதலில் ஒரு எச்சரிக்கை. அரைச் சுற்றில் நிற்கிறது என்று எழுதியிருப்பதால் இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். இனி சாவியைத் தொடுவதற்கு முன் இன்ஜின் ஆயில் அளவுக் குச்சியை எடுத்துப் பாருங்கள். ஆயில் மேல் கோட்டைத் தாண்டி ஏறியிருக்கிறதா? முகர்ந்தால் பெட்ரோல் வாடை அடிக்கிறதா? அப்படியென்றால் வண்டி சும்மா நின்ற மாதங்களில் கார்புரேட்டரின் மிதவை ஊசி சரியாக மூடாமல், டேங்கில் இருந்த பெட்ரோல் சொட்டுச் சொட்டாக சிலிண்டருக்குள் இறங்கியிருக்கிறது என்று பொருள். காற்றை அமுக்கலாம், பெட்ரோலை அமுக்க முடியாது. பிஸ்டன் அதில் முட்டி நிற்கும். புது பேட்டரியின் பலத்தில் திரும்பத் திரும்ப செல்ஃப் அடித்தால் கனெக்டிங் ராட் வளைந்துவிடும். அதன்பிறகு இன்ஜினைப் பிரிப்பதைத் தவிர வழியில்லை.

குச்சி அப்படிக் காட்டினால் பெட்ரோல் குழாயை மூடிவிட்டு, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, இன்ஜினைக் கையால் மெதுவாகச் சுற்றி உள்ளே இருப்பதை வெளியேற்றுங்கள். பிளக் ஓட்டை வழியாகப் பீய்ச்சி அடிக்கும், முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் நெருப்பு எதுவும் இருக்கக் கூடாது. பிறகு ஆயிலையும் மாற்றி, மிதவை ஊசியையும் சரிசெய்தால்தான் வேலை முடிந்தது. பெட்ரோல் கலந்த ஆயிலில் வழுவழுப்பு போயிருக்கும், அதை வைத்துக்கொண்டு இன்ஜினை ஓட்டக் கூடாது.

ஆயில் சரியாக இருந்தாலும் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். இன்ஜின் மேலே சுற்றும் வலைத்தட்டைப் பிடித்து, கடிகாரம் சுற்றும் திசையில் கையால் சுற்றிப் பாருங்கள். பிளக் இல்லாதபோது சுலபமாகச் சுற்ற வேண்டும். சுற்றவில்லை என்றால் இன்ஜினுக்குள் ஏதோ இறுகியிருக்கிறது, அல்லது செல்ஃப் மோட்டாரின் சின்னப் பல்சக்கரம் ஃபிளைவீலின் பல்லில் சிக்கி நிற்கிறது. சுலபமாகச் சுற்றினால் நல்லது, மேலே போகலாம்.

இப்போது அந்த ‘டக்’குக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் உதவிய வரி அதுதான்.

வண்டியில் கரண்ட் போக இரண்டு வழிகள் உண்டு. ஒன்று மெல்லிய வயர்களின் வழி: பேட்டரியிலிருந்து ஃபியூஸ், அங்கிருந்து சாவி, பிளேடு ஸ்விட்ச், பிரேக் பெடலுக்கு அடியில் இருக்கும் ஸ்விட்ச், கடைசியாக சொலினாய்டின் (செல்ஃப் மோட்டாருக்குக் கரண்டைத் திறந்துவிடும் மின்காந்த ஸ்விட்ச்) காயில். இன்னொன்று தடித்த கேபிளின் வழி: பேட்டரியிலிருந்து சொலினாய்டின் பெரிய போல்ட் இரண்டையும் கடந்து செல்ஃப் மோட்டாருக்கு வந்து, இன்ஜின் உடம்பு வழியாக எர்த் கேபிளைப் பிடித்து மறுபடி பேட்டரிக்கே போகும். மெல்லிய வழி முழுவதும் சரியாக இருந்தால்தான் சொலினாய்டு இழுபட்டு ‘டக்’ என்று சத்தம் போடும். கனமாக, தெளிவாக அந்தச் சத்தம் கேட்டால் ஃபியூஸ், சாவி, பிளேடு ஸ்விட்ச், பிரேக் ஸ்விட்ச் நான்கும் தங்கள் வேலையைச் செய்துவிட்டன என்று அர்த்தம். சத்தமே வராமல் வண்டி மௌனமாக இருந்திருந்தால் நான் உங்களை அந்தப் பக்கம்தான் அனுப்பியிருப்பேன். ‘டக்டக்டக்டக்’ என்று படபடத்திருந்தால் சார்ஜ் இல்லாத பேட்டரி அல்லது தளர்ந்த டெர்மினல் என்று சொல்லியிருப்பேன்.

ஒரு சின்னக் குழப்பத்தை மட்டும் தீர்த்துக்கொள்ளுங்கள். பல வண்டிகளில் கார்புரேட்டரின் அடியிலும் ஒரு சின்ன சொலினாய்டு இருக்கும். சாவியை ‘ஆன்’ நிலைக்குக் கொண்டுவந்ததுமே, ஸ்டார்ட் வரை போவதற்கு முன்பே, பெட்ரோல் வழியைத் திறந்துவிட அது ‘டிக்’ என்று லேசாகச் சத்தம் போடும். நீங்கள் கேட்பது அதுவா, செல்ஃப் சொலினாய்டா? உதவிக்கு இருப்பவரைச் சாவியைத் திருப்பச் சொல்லிவிட்டு, செல்ஃப் சொலினாய்டின் மேல் விரலை வைத்துப் பாருங்கள். அதிர்வு விரலில் தெரியும். செல்ஃப் சொலினாய்டு அசையவே இல்லை என்றால் மேலே சொன்ன மெல்லிய வழியைத்தான் ஆராய வேண்டும். ஆனால் இரண்டொரு தடவை செல்ஃப் சுற்றியதாக எழுதியிருக்கிறீர்கள், அதனால் உங்கள் வண்டியில் அப்படி இருக்காது என்றே நினைக்கிறேன்.

சீட் ஸ்விட்ச் விஷயத்தையும் இங்கேயே முடித்துவிடலாம். பெரும்பாலான வண்டிகளில் சீட் ஸ்விட்ச் செல்ஃபைத் தடுப்பதில்லை. பிரேக்கை மிதிக்காமல், அல்லது பிளேடு ஓடிக்கொண்டிருக்கும்போது நீங்கள் எழுந்தால் இன்ஜினை அணைப்பதுதான் அதன் வேலை. சில வண்டிகளில் ஸ்டார்ட் வழியிலும் அதைக் கோத்திருப்பார்கள். அப்போதும் அது பழுதானால் ‘டக்’ வராது. ஆக, உங்கள் தொல்லைக்கு அது காரணமில்லை. காரணமாக இருந்தாலும் வெட்டி இணைக்கக் கூடாது. சரிவில் வண்டி சாய்ந்து நீங்கள் கீழே விழுந்தால், அந்த ஸ்விட்ச் இல்லாத வண்டியில் சக்கரமும் பிளேடும் சுற்றிக்கொண்டே இருக்கும். பழுதான ஸ்விட்சைக் கழற்றிப் புதிதாகப் போடுவது ஒன்றும் பெரிய வேலை இல்லை.

அடுத்தது பேட்டரி. புதிதுதான், ஆனால் சார்ஜ் ஏற்றிப் போட்டீர்களா? கடைத் தட்டில் பல மாதம் இருந்த புது பேட்டரியில் பாதி சார்ஜ்கூட இல்லாமல் இருக்கலாம். எதையும் இணைக்காமல் மீட்டர் வைத்துப் பார்த்தால் முழு சார்ஜில் 12.6 வோல்ட்டோ சற்று அதிகமாகவோ காட்டும். 12.4 என்றால் முக்கால்வாசி. 12.0 என்றால் ஏறக்குறைய காலி. ‘12 வோல்ட் பேட்டரி, 12 காட்டுகிறது, சரியாக இருக்கிறது’ என்று நிறையப் பேர் ஏமாந்துபோவது இங்கேதான். முதலில் சார்ஜரில் போட்டு முழுதாக ஏற்றிவிடுங்கள். அதன்பிறகு செய்யும் சோதனைகளுக்குத்தான் மதிப்பு.

இனிச் சொல்லப் போவதை நிதானமாகச் செய்யுங்கள். மற்றதெல்லாம் இதற்குத் துணைதான்.

சும்மா நிற்கும் வண்டியில் எங்கே மீட்டர் வைத்தாலும் 12 வோல்ட்டுக்கு மேலேயே காட்டும். துருப்பிடித்த டெர்மினலும் காட்டும், ஒரே ஒரு இழையில் தொங்கும் கேபிளும் காட்டும். குழாயை மூடி வைத்திருக்கும்போது உள்ளே அடைப்பு இருப்பது தெரியாது, திறந்துவிட்டால்தான் தண்ணீர் சொட்டுவது தெரியும். அதனால் சாவியை ஸ்டார்ட்டில் பிடித்திருக்கும் அந்த இரண்டு மூன்று வினாடிகளில் மீட்டர் என்ன காட்டுகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

தயாரிப்பு: வண்டி சமதளத்தில் நிற்கட்டும், பிளேடு அணைந்திருக்கட்டும். பிளக்கைத் திரும்ப மாட்டுங்கள். அதன் வயரை மட்டும் கழற்றி, நுனி இன்ஜினின் வெறும் இரும்பைத் தொடும்படி கட்டிவையுங்கள். அப்படிச் செய்தால் சோதனையின் நடுவே இன்ஜின் திடீரென்று ஸ்டார்ட் ஆகாது. அந்தரத்தில் தொங்கவிட்டால் ஸ்பார்க் எங்கே பாயும் என்று சொல்ல முடியாது, இக்னிஷன் காயிலுக்கும் நல்லதல்ல. உதவிக்கு இருப்பவர் சீட்டில் உட்கார்ந்து, பிரேக்கை மிதித்து, நீங்கள் சொல்லும்போது சாவியைத் திருப்பட்டும். ஒவ்வொரு தடவையும் ஐந்து வினாடிக்கு மேல் வேண்டாம், ஒரு நிமிடமாவது இடைவெளி விடுங்கள். இந்தச் சின்ன மோட்டார்கள் சீக்கிரம் சூடாகிவிடும்.

முதல் அளவு: மீட்டரின் இரண்டு முனைகளையும் பேட்டரியின் ஈய முனைகளின் மேலேயே வையுங்கள், கேபிள் கிளாம்பின் மேல் அல்ல. சாவியைத் திருப்பும்போது வோல்ட்டேஜ் எவ்வளவு இறங்குகிறது? 12.5-லேயே அசையாமல் நின்றால், சொலினாய்டு ‘டக்’ என்றாலும் மோட்டார் வரை கரண்ட் போகவே இல்லை. வழியில் எங்கோ அறுந்திருக்கிறது. 9.5-க்குக் கீழே போனால் ஒன்று பேட்டரி பலவீனம், இல்லாவிட்டால் மோட்டாரால் தள்ள முடியாத அளவுக்குப் பளு இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில், 10 அல்லது 11-ல் நின்று மோட்டார் முக்கினால் வழியில் பாதி அடைப்பு இருக்கலாம்.

வோல்ட்டேஜ் அசையவில்லை, அல்லது நடுவில் நிற்கிறது என்றால் அடைப்பைத் தேடுவது சுலபம். சிவப்பு முனையைப் பேட்டரியின் பாசிட்டிவ் மேலும், கறுப்பு முனையை செல்ஃப் மோட்டாரில் தடித்த கேபிள் மாட்டியிருக்கும் போல்ட் மேலும் வையுங்கள். சாவியைத் திருப்பாதபோது மீட்டர் 12 காட்டும், அதைக் கண்டுகொள்ள வேண்டாம். திருப்பும்போது அது 0.5 வோல்ட்டுக்குள் விழ வேண்டும். விழாமல் 2, 3 என்று நின்றால் அத்தனை வோல்ட் வழியிலேயே வீணாகிறது. இப்போது சொலினாய்டின் பெரிய போல்ட் இரண்டின் மேலும் ஆளுக்கொரு முனையை வைத்துப் பாருங்கள். ‘டக்’ என்ற பிறகும் இங்கே முழு 12 நின்றால் சொலினாய்டின் உள் காண்டாக்ட் தீய்ந்துவிட்டது, அதை மாற்றுங்கள். இங்கே பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருந்தால் சொலினாய்டின்மேல் குற்றமில்லை, கேபிளின் முனைகளைச் சந்தேகப்படுங்கள்.

எர்த்தை மறக்க வேண்டாம். இந்த மாதிரி வண்டிகளில் பாதி நேரம் குற்றவாளி அதுதான், ஆனால் யாரும் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் இன்ஜினின் வெறும் இரும்புக்கும் நடுவில், சாவியைத் திருப்பும்போது 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. பேட்டரியின் அடியில், பெயின்ட்டும் துருவும் பூத்த ஒரு போல்ட்டில் அந்தக் கேபிளை முறுக்கியிருப்பார்கள். கழற்றி, இரண்டு பக்கமும் எமரித் தாளால் பளபளவென்று தேய்த்து, இறுக்கிப் பூட்டுங்கள். பேட்டரியில் கை வைக்கும்போது நெகட்டிவ் கேபிளை முதலில் கழற்றி, கடைசியில் மாட்டுவது வழக்கம். ஸ்பேனர் தவறி வண்டியின் உடம்பில் பட்டாலும் பொறி பறக்காது.

சொலினாய்டின் இரண்டு போல்ட்டையும் திருப்புளியால் இணைத்து செல்ஃபைச் சுற்ற வைக்கும் வித்தையை யாராவது காட்டித் தருவார்கள். வேண்டாம். கியரில் இருந்தால் வண்டி உங்கள் மேலேயே ஏறும், பிரேக் ஸ்விட்சும் பிளேடு ஸ்விட்சும் அந்த நேரத்தில் காவலுக்கு இல்லை. சார்ஜ் ஏறிய பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும், அதன் பக்கத்தில் அவ்வளவு பெரிய பொறி கூடாது. மீட்டர் சொல்வதைவிட அதிகமாக அந்தத் திருப்புளி எதையும் சொல்லிவிடாது.

சரி, கேபிள், எர்த், சொலினாய்டு எல்லாம் சுத்தம். அப்படியும் அரைச் சுற்றில் முட்டி நிற்கிறது. நான் சந்தேகப்படுவது இந்த இடத்தைத்தான்.

பிளக்கைக் கழற்றிவிட்டு செல்ஃபைச் சுற்றுங்கள். விர்ரென்று சுற்றுகிறதா? திரும்ப மாட்டிச் சுற்றினால் அரைச் சுற்றில் நிற்கிறதா? ஆம் என்றால் பேட்டரியும் மோட்டாரும் நன்றாகவே இருக்கின்றன, கம்ப்ரஷனைத்தான், அதாவது சிலிண்டருக்குள் அமுக்கப்படும் காற்றின் எதிர்ப்பைத்தான், அவற்றால் தாண்ட முடியவில்லை. ஒற்றை சிலிண்டர் இன்ஜினின் முழுக் கம்ப்ரஷனை இந்தச் சின்ன மோட்டாரால் சுலபமாகத் தாண்ட முடியாது. அதற்காகத்தான் வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்டில் ஒரு சின்ன ஏற்பாடு உண்டு. இன்ஜின் மெதுவாகச் சுற்றும்போது ஒரு வால்வை மில்லிமீட்டரில் ஒரு சிறு பங்கு மட்டும் தூக்கி வைத்து, கொஞ்சம் காற்றை வெளியே விட்டுவிடும். வேகம் பிடித்ததும் ஒதுங்கிக்கொள்ளும். வால்வுக்கும் அதைத் தள்ளும் உறுப்புக்கும் நடுவில் விட்டிருக்கும் டேப்பெட் இடைவெளி நாளடைவில் அதிகமாகிவிட்டால் இந்தச் சிறு தூக்கல் வால்வு வரை எட்டாது. முழுக் கம்ப்ரஷன் எதிரே வந்து நிற்கும். மோட்டார் அரைச் சுற்று வந்து, அதில் மோதி, நின்றுவிடும்.

பார்ப்பவர்களுக்கு இது அப்படியே பேட்டரி பலவீனம் போலத் தெரியும். அதனால் முதலில் பேட்டரியை மாற்றுவார்கள், அப்புறம் சொலினாய்டு, அப்புறம் செல்ஃப். புது மோட்டார் கொஞ்சம் பலமாகத் தள்ளுவதால் சில வாரம் ஓடவும் ஓடும், பிறகு பழைய கதைதான். நாலைந்து மாதம் நிறுத்தி வைத்ததற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இடைவெளி முன்பே கூடியிருக்கும், ஓடிக்கொண்டிருந்தவரை எப்படியோ சமாளித்திருக்கும்.

டேப்பெட் இடைவெளியைச் சரியாக வைப்பது பொறுமை உள்ளவர் வீட்டிலேயே செய்யக்கூடிய வேலைதான். இன்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். பிளக்கைக் கழற்றி, வால்வு கவரின் போல்ட்களை அவிழ்த்து எடுங்கள். பிளக் ஓட்டையில் ஒரு மெல்லிய மரக்குச்சியை விட்டுக்கொண்டு கையால் சுற்றி, இரண்டு வால்வும் மூடியிருக்கும் சுற்றில் பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவாருங்கள். உச்சியிலேயே அளக்கக் கூடாது. அங்கே அந்தத் தூக்கும் ஏற்பாடு வால்வைத் தொட்டுக்கொண்டிருக்கலாம். உச்சியைத் தாண்டி ஏறக்குறைய 6 மில்லிமீட்டர், அதாவது கால் அங்குலம் கீழே இறங்கிய இடத்தில் நிறுத்தி, ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) இடைவெளியைப் பாருங்கள். பல இன்ஜின்களில் காற்று உள்ளே வரும் வால்வுக்கு 0.1 மில்லிமீட்டர், புகை வெளியே போகும் வால்வுக்கு 0.15 என்ற அளவுக்குப் பக்கத்தில் இருக்கும். உங்கள் இன்ஜினுக்கு உரிய எண்ணை அதன் கையேட்டில் பார்த்து வையுங்கள், என் எண்ணை வைத்து முறுக்க வேண்டாம். இடைவெளியைச் சரிசெய்தபின் அதன் நட்டை இறுக்கும்போது அளவு நகரும், அதனால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, அதே இடத்துக்கு வந்து மறுபடி அளந்து பாருங்கள். இடைவெளி சரியாக வைத்தும் அரைச் சுற்றில் நின்றால் கேம்ஷாஃப்டில் இருக்கும் அந்தச் சின்ன உறுப்பே உடைந்திருக்கலாம். அது இன்ஜினைப் பிரித்துச் செய்ய வேண்டிய வேலை, மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

மைத்துனர் சொன்னது எப்போது சரி? பிளக் இல்லாமல் இன்ஜின் கையால் சுலபமாகச் சுற்றுகிறது, செல்ஃப் மோட்டாரின் போல்ட்டில் சாவி திருப்பும்போது 10 வோல்ட்டுக்கு மேல் வருகிறது, எர்த்தும் நன்றாக இருக்கிறது, ஆனாலும் மோட்டார் அசையவில்லை அல்லது முனகுகிறது என்றால் அவர் சொன்னதே சரி. அப்போதும் கழற்றியதும் தூக்கிப் போட்டுவிடாமல் உள்ளே கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கிறதா, மேலே பல்சக்கரத்தின் பற்கள் உடைந்திருக்கின்றனவா என்று பாருங்கள். அவை மட்டும் தனியாகக் கிடைக்கும் மாடல்களும் உண்டு.

செல்ஃப் சரியாகச் சுற்ற ஆரம்பித்தவுடன் அடுத்த ஏமாற்றம் காத்திருக்கிறது: இன்ஜின் பற்றாது. டேங்கில் இருப்பது நாலைந்து மாதப் பழைய பெட்ரோல் அல்லவா? எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை உறிஞ்சும். நின்ற பெட்ரோல் கார்புரேட்டரின் மெல்லிய துளைகளில் பிசின் போலப் படியும். அதை முழுதாக வடித்துவிட்டுப் புதிது ஊற்றுங்கள். கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தையும் காலி செய்யுங்கள். சோக்கை இழுத்துச் சில தடவை சுற்றிய பிறகு பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, ஸ்பார்க்கைத்தான் தேட வேண்டும். காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை: குழாய், ஃபில்டர், டேங்க் மூடியின் காற்றுத் துளை, கார்புரேட்டர் அடியில் இருக்கும் சின்ன சொலினாய்டு என்று வரிசையாகப் பாருங்கள். பிளக் இடைவெளி பல இன்ஜின்களில் 0.76 மில்லிமீட்டர். ஷெட்டில் நின்ற வண்டி என்பதால் இன்ஜினின் மேல் மூடியையும் கழற்றிப் பார்ப்பது நல்லது. எலிக்கு அந்த இடம் மிகவும் பிடிக்கும், வயரையும் கடித்து வைத்திருக்கும்.

ஸ்டார்ட் ஆன பிறகு உடனே மீட்டரை மூட்டை கட்டிவிடாதீர்கள். இன்ஜினை முழு வேகத்தில் வைத்து, பேட்டரி முனைகளில் வோல்ட்டேஜ் பாருங்கள். 13.5 முதல் 14.5 வரை இருக்க வேண்டும். 12.6-லேயே நின்றால் சார்ஜ் ஏறவில்லை. உங்கள் பழைய பேட்டரி செத்ததற்கு அதுவே காரணமாக இருந்திருக்கலாம், புதிதும் அதே வழியில் போகும். அப்படியானால் மறுபடி எழுதுங்கள். அப்போது இன்ஜின் கவரில் பொறித்திருக்கும் மாடல் எண்ணையும், மேலே சொன்ன இடங்களில் மீட்டர் காட்டிய எண்களையும் சேர்த்து அனுப்புங்கள்.